நாலு மாதத்தில் 22 கிலோ போய்விட்டது. இனி சதை எப்படிப் பிடிக்கும்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வயது 24, ஊர் மன்னார்குடிப் பக்கம், உயரம் 172 செ.மீ. ஆடி பிறப்பதற்கு நாலு மாதம் முன்பு எடை 78 கிலோ. கல்யாணப் பேச்சு வந்ததும் யாரோ தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். ரோஷத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை எடை குறைப்புப் பவுடர், மீதி நேரம் கடுங்காப்பி என்று ஓட்டி இப்போது 56. முடி கொட்டுகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. ஜிம்மில் ஒருவர் மாஸ் கெய்னர் என்ற எடை ஏற்றும் பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார். அம்மா பழைய சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து வைக்கிறார். தையில் கல்யாணம். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா பாதி சரி. ஜிம்காரர் கால்வாசி. மீதியை நான் சொல்கிறேன். கும்பகோணம், பாபநாசம் பக்கம் இருபது வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறவன் நான். இந்த மாதிரி வருகிறவர்கள் கொஞ்ச வருஷமாக அதிகமாகிவிட்டார்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். போனில் விநாடி பாருங்கள். உங்கள் வயதில் அது பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். உங்களுக்கு அதைத் தாண்டும் என்றுதான் நினைக்கிறேன். போன 22 கிலோவில் எல்லாமே கொழுப்பு கிடையாது என்பதற்கு அந்த விநாடிக் கணக்கே சாட்சி. பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்து எரிப்பதில்லை. சாப்பாட்டில் புரதம் இல்லாமல், உடம்புக்குச் சுமையும் இல்லாமல் போனால் தசையையும் கரைத்துச் செலவு செய்துவிடும். தொடையும் புட்டமும்தான் பெரிய தசைகள், அதனால் இழப்பும் அங்கேதான் முதலில் தெரியும்.

தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் செய்திருப்பது ஒரு பழைய ஆராய்ச்சியின் மறுபதிப்பு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எடையில் ஏறக்குறைய கால்பங்கு இறங்கியது. உங்களுக்கு இறங்கியது 28 சதவீதம், அதுவும் நாலே மாதத்தில். அப்புறம் அவர்களுக்குச் சாப்பாடு போட்டபோது கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பியது, தசை பின்னால் மெதுவாக வந்தது. பசி மட்டும் மாதக்கணக்கில் அடங்கவில்லை. வயிறு நிறைந்த பிறகும் பசித்தது என்றார்கள். சும்மா சாப்பிட்டு எடையை மட்டும் ஏற்றினால் உங்களுக்கும் அதுதான் நடக்கும்: கை கால் குச்சியாகவே இருக்க, தொப்பை மட்டும் திரும்ப வரும். யாருக்குப் பயந்து பட்டினி கிடந்தீர்களோ, அவரே மறுபடி வந்து அதையே சொல்வார்.

சரி, சாப்பாட்டுக்குப் போகும் முன் டாக்டரைப் பாருங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, எடை இறங்கியது டயட்டால்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். என்னிடம் ஒருவர் வந்தார். ஆற்றங்கரையில் தினம் நடந்ததில் 9 கிலோ குறைந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார், ஒரு தடவை பாத்ரூம் போனார். சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். வெறும் வயிற்றில் 280. நடை பாவம், அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆகவே சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நான்கும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ சாயங்காலக் காய்ச்சலோ இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய் நம் பக்கத்தில் போய்விடவில்லை.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோற்றைக் கொட்டக் கூடாது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும். அது ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்லுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் அவை வற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். அந்த உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு செத்துப்போனார்கள். உங்கள் நிலைமை அந்த அளவு மோசமில்லை. உயரத்துக்கு எடையைக் கணக்கிட்டால் உங்கள் பி.எம்.ஐ. 19க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அது 16க்குக் கீழே போனாலோ, மூன்று முதல் ஆறு மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் எடை போனாலோ, பத்து நாளுக்கு மேல் அநேகமாக எதுவும் சாப்பிடாமல் இருந்தாலோ மருத்துவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள். இரண்டாவதில் நீங்கள் மாட்டுகிறீர்கள். ரத்தம் எடுக்கும்போது பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதோடு ஒட்டியது தயமின் என்ற பி1 வைட்டமின். மாவுச்சத்தைச் செரித்துச் சக்தியாக்க அது வேண்டும். பட்டினியில் அதுவும் தீர்ந்திருக்கும். தீட்டிய பச்சரிசியில் அது மிகக் குறைவு. நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கிறபோது தவிட்டிலிருக்கிற தயமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலில் கூடுதல். நம் வயல்காரர் வீடுகளில் புழுங்கல்தான், அது நல்லதாகப் போயிற்று. உங்கள் வீட்டில் பச்சரிசி என்றால் இந்த ஆறு மாதத்துக்காவது மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் இப்படி: இப்போது சாப்பிடுகிற அளவோடு தினம் ஒரு கை கூட்டுங்கள். மூன்று வேளையை ஐந்து சின்ன வேளையாக்குங்கள். முதல் பத்து நாளில் எடை ஒன்றிரண்டு கிலோ சட்டென்று ஏறும். பார்த்துப் பதறவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். தசைக்குள் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு திரும்புகிறது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். கணுக்கால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

நம் தட்டை ஒரு நாள் நேர்மையாக எண்ணிப் பாருங்கள். காலையில் நாலு இட்லி: ஒரு இட்லியில் ஒன்றரை முதல் 2 கிராம் புரதம், ஆக 7. தொட்டுக்கொள்ள சாம்பார், 3. மத்தியானம் இரண்டு தட்டு சோறு, வெந்த எடை 400 கிராம் என்றால் 10. பருப்பு தண்ணீரில் நீந்துகிற சாம்பார், 4. பொரியல் 2, தயிர் 3. ராத்திரி மூன்று தோசை, 9. இரண்டு காபி, 4. கூட்டினால் 42. வயிறு முட்ட மூன்று வேளை சாப்பிட்டவனுக்கு இதுதான் கிடைக்கிறது. சும்மா இருக்கிற ஆளுக்கே உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்கிறது. சுமை தூக்கித் தசை வளர்க்கிறவருக்கு 1.6 கிராம் வரை போகலாம். உங்கள் 56 கிலோவுக்கு அது 90. பாதிக்கும் கீழே நிற்கிறோம், நெற்களஞ்சியத்தில் உட்கார்ந்துகொண்டு.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சம்பா, தாளடி நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். நெல்லை அறுத்துக் களம் ஏற்றிய பிறகு அதே தரிசில், தண்ணீர் பாய்ச்சாமல், பனியிலும் அடி ஈரத்திலும் அது வளர்ந்து பங்குனி சித்திரையில் வீட்டுக்கு வருகிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கென்றே ரகங்கள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 100 கிராம் உளுந்தில் 24 கிராம் புரதம். அந்த மூட்டையை வியாபாரியிடம் போட்டுவிட்டு, வீட்டில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று மாவில் மட்டும் சேர்க்கிறோம். மீதிக்கு டப்பாவில் பவுடர் வாங்குகிறோம்.

உளுந்தங்கஞ்சி செய்யுங்கள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 40 கிராம், அதாவது ஒரு சின்ன டம்ளரில் கால் பாகம். வாசனை வரும்வரை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். கை நிறைய அரிசி, அரை ஸ்பூன் வெந்தயம், நாலு பல் பூண்டு சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். மத்தால் மசித்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு. இனிப்பு வேண்டாதவர்கள் உப்பும் சீரகமும் போட்டு மோர்மிளகாயைக் கடித்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணத்தில் 10 கிராம் புரதமும் நல்ல சக்தியும் சேர்ந்து வரும். பவுடர் விற்கிறவர் இதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்து அறுநூறு ரூபாய் சொல்வார். முதல் வாரம் பாதிக் கிண்ணம் போதும், வாயு தொந்தரவு செய்யும்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது உண்டு. ஆகவே சோற்றை விட்டுவிடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சோறு இருக்கட்டும், பருப்பு கெட்டியாகட்டும். சாம்பார் கரண்டியைக் கவிழ்த்தால் வழியாமல் தொங்க வேண்டும், அதுதான் அளவு.

என் கணக்கில் உங்கள் நாள்: காலையில் மூன்று இட்லி, இரண்டு முட்டை, சாம்பார் சேர்ந்து 20. பதினொரு மணிக்கு உளுந்தங்கஞ்சியும் ஒரு டம்ளர் பாலும், 16. மத்தியானம் 300 கிராம் சோறு, கெட்டிப் பருப்பு, 100 கிராம் மீன், தயிர், 36. சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 9. ராத்திரி இரண்டு தோசையும் படுக்கும் முன் பாலும், 13. ஆக 94. ஒரே வேளையில் மொத்தத்தையும் அடைக்காமல் இப்படிப் பிரிப்பதால் தசை எடுத்துக்கொள்வதும் நன்றாக இருக்கும். மீன் என்றால் வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காலை வண்டியில் வருகிற மத்தியும் கிழங்கானும் அதே வேலையைப் பாதி விலையில் செய்யும். குளத்து விரால் கிடைத்தால் விடாதீர்கள். முட்டை ஒன்று, கடையில் குடிக்கிற டீயை விட மலிவு. சைவம் என்றால் மீன் இடத்தில் 30 கிராம் சோயா உருண்டையைப் போட்டுக் குருமா வையுங்கள், 15 கிராம் வரும். முட்டைக்குப் பதில் பனீர் அல்லது இன்னொரு கிண்ணம் சுண்டல். சுண்டலைக் கோயில் பிரசாதமாக மட்டும் பார்க்கிற பழக்கத்தை விட வேண்டும்.

அம்மாவின் பழைய சோறு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். இருக்கட்டும், நல்லதுதான். அதோடு நாலு நெத்திலிக் கருவாடு சுட்டு வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு முட்டை. அப்போது அம்மாவும் முழுக்கச் சரி.

பழைய காலத்தில் நம் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிற கதை ஒன்று சொல்வார்கள். ஊர் மந்தையில் இளவட்டக்கல் கிடக்கும், அதைத் தோளுக்கு ஏற்றிக் காட்டினால்தான் பெண். அதற்காக மாப்பிள்ளை சம்பா அரிசி போட்டு வளர்ப்பார்களாம். அந்த அரிசி நல்ல அரிசிதான், தவிடும் நாரும் இருக்கிறது. ஆனால் கல்லைத் தூக்க வைத்தது அரிசி மட்டும் இல்லை. தினமும் சின்னக் கல்லில் தொடங்கிப் பெரிய கல்லுக்குப் போனதுதான். தசை வளர்வதற்கு இன்றைக்கும் வேறு வழி கண்டுபிடிக்கப்படவில்லை. தொப்பை இருக்கிறதா என்று அந்த மாமனார்கள் பார்த்ததாகக் கதையில் இல்லை, அதையும் கவனியுங்கள்.

முதல் இரண்டு வாரம் சுமை வேண்டாம். வெயில் ஏறும் முன் இருபது நிமிஷம் நடை, நாற்காலியில் எழுந்து உட்காருதல் மட்டும். கண் இருட்டுவது நின்ற பிறகு, வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி நேரம். பஸ்கி, திண்ணையில் கை ஊன்றிச் சாய்வாகத் தண்டால், இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வாசலிலிருந்து கொல்லை வரை நடை. இதற்கெல்லாம் ஜிம் தேவையில்லை, இருந்தால் நல்லது.

என் கையில் நன்றாகப் பலித்தது சாக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஒன்று 40 கிலோ என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பழைய சாக்கில் 10 கிலோ நெல் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். காலை இடுப்பு அகலத்துக்கு வைத்து, மூட்டை பாதத்தை ஒட்டி இருக்க, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூடுகிற மாதிரி நினைத்துக்கொண்டால் சரியாக வரும். குதிகாலை ஊன்றி எழுந்திருங்கள், மூட்டை காலோடு உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். பத்து தடவை, இரண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். பன்னிரண்டு தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் ஒரு படி நெல் கூட்டுங்கள். சாக்கின் மேல் மார்க்கரால் தேதியும் எடையும் எழுதிவைக்கச் சொல்வேன். ஒரு பையன் சாக்கு முழுக்க எழுதி, கடைசியில் அதைக் களத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று பரணில் வைத்திருக்கிறான். மறுநாள் உடம்பு வலிப்பது சகஜம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் சகஜம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினேன் என்று எழுதியிருந்தீர்கள். அது வீண் போகாது. ஒரு தடவை உரம் ஏறிய தசை மறுபடி திரும்புவது, முதல் தடவை வளர்வதை விட வேகமாக இருக்கும்.

பவுடர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வே புரோட்டீன் என்பது பாலைத் திரித்தால் பிரிகிற தண்ணீரிலிருந்து எடுப்பது. அதில் மாயமும் இல்லை, விஷமும் இல்லை, சாப்பாட்டில் 90 வராத நாளைக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளலாம். மாஸ் கெய்னர் டப்பாவைத் திருப்பிப் படித்தால் பெரும்பகுதி மாவுச்சத்தாக இருக்கும். அது நம் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கடையில் கவர் போடாமல் காகிதத்தில் மடித்துத் தருகிற "சதை போடுகிற மாத்திரை" மட்டும் வேண்டவே வேண்டாம். பல இடங்களில் அதில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். முகம் உப்பும், எடை ஏறும், ஆனால் அது தசையைக் கரைக்கிற மருந்து. ஊசி சமாச்சாரம் பேசுகிற ஜிம் என்றால் ஜிம்மையே மாற்றுங்கள்.

தூக்கம் ஏழு எட்டு மணி நேரம். தசை வளர்வது தூக்கும்போது அல்ல, படுத்திருக்கும்போது. ராத்திரி ஒரு மணி வரை போன் பார்ப்பதை நீங்கள் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் தயக்கத்தோடுதான் கேட்கிறேன். எடை ஏறத் தொடங்கியதும் பயம் வருகிறதா? சாப்பிட்டுவிட்டுக் குற்றவுணர்ச்சியில் வாந்தி எடுக்கத் தோன்றுகிறதா? ஒரு நாளைக்கு நாலு தடவை தராசில் ஏறுகிறீர்களா? அப்படி என்றால் இது சாக்கும் உளுந்தும் மட்டும் சரிசெய்கிற விஷயம் இல்லை. 14416க்கு அழைத்தால் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், காசு கிடையாது. ஆம்பளைக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள், என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேருக்கு இருந்தது.

தராசில் வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறும் வயிற்றில் மட்டும் ஏறுங்கள். முதல் பத்து நாளின் தண்ணீர் எடை போக, வாரத்துக்குக் கால் கிலோ முதல் 400 கிராம் வரை ஏறினால் சரியான வேகம். அதற்கு மேல் ஏறி இடுப்புப் பட்டை மட்டும் இறுகினால் ராத்திரித் தோசையில் ஒன்றைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். எடை நின்றுவிட்டால் மத்தியானம் ஒரு கரண்டி சோறும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் கூட்டுங்கள்.

இந்த வேகத்தில் தை பிறக்கும்போது 63 முதல் 67 கிலோவுக்குள் இருப்பீர்கள். பழைய 78 வராது, வரவும் வேண்டாம். முடி கொட்டுவது நிற்க மூன்று நாலு மாதம் ஆகும், அதற்குள் ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கல்யாணச் சட்டைக்கு இப்போதே அளவு கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தையல்காரரிடம் சொல்லித் துணியை வெட்டாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மார்கழி மூன்றாம் வாரம் போய்த் தோளையும் கையையும் மறுபடி அளந்து கொடுங்கள்.